ஓடுகிற சங்கிலியை ஏன் பிடித்தீர்கள்?

என் அப்பாவுக்கு,

முன்பெல்லாம் உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் முதலில் அட்லஸைத் திறப்பேன். நீங்கள் அடுத்துப் போகப்போகும் துறைமுகத்தைக் கண்டுபிடித்து, அதன் பெயரை உறையின் மேல் எழுதிவிட்டுத்தான் கடிதத்தையே தொடங்குவேன். இப்போது உறையின் மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் உறை இல்லாமல் எழுதுகிறேன். தமிழ் டீச்சர் இதைப் பள்ளி ஆண்டு மலரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும் அப்பா, யாராவது ஒருவருக்காவது என் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கலாம்.

கேள்வி ஒன்றுதான். ஏணி வரைக்கும் வந்த நீங்கள் ஏன் திரும்பிப் போனீர்கள்?

முதலில் ஊர்ச் செய்தி. நான் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். அம்மா இன்னும் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற இடத்துக்குத்தான் வேலைக்குப் போகிறாள். நம் தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் திறந்திருக்கிறார்கள், கண்ணாடிக் கதவு வைத்தது. அது இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் உங்கள் குரலை இன்னும் கொஞ்சம் கேட்டிருப்போம். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. மொட்டை மாடியில் நின்றால் சஞ்சீவி மலையும் மில் புகைபோக்கியும் முன்பு போலவே தெரிகின்றன.

அந்த இரண்டையும் நான் தினமும் பார்க்கிறேன். நங்கூரம் போட்ட கப்பல் நகர்கிறதா என்று கப்பலுக்குள் பார்த்தால் தெரியாது, கரையில் இரண்டு அடையாளம் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று சொல்வீர்களே. மலை இருந்த இடத்தில் இருக்கிறது. புகைபோக்கியும் அப்படியே. அந்தக் கணக்குப்படி நம் வீடு நகரவில்லை. ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை அப்பா. எது சரி?

நம் தெரு ஆண்கள் எல்லோரும் மில்லுக்குப் போனபோது, பஞ்சு லாரியில் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலைப் பார்த்துவிட்டு அதிலேயே ஏறிப் போனவர் நீங்கள். லீவில் வந்தால் கிணற்றடிதான் நமக்குக் கப்பல். துவைகல்லின் மேல் நான் கேப்டன். உருளைக்குப் பக்கத்தில் நீங்கள். வாளிதான் நங்கூரம். கயிற்றில் இடைவெளி விட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தீர்கள். ஒவ்வொரு துணியும் ஒரு சாக்கிள். சங்கிலி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அப்படித்தான் அளப்பார்களாம்.

“லெட் கோ!” என்று நான் கத்துவேன்.

“லெட் கோ சார்!” என்று வாளியை விடுவீர்கள். “ஒரு சாக்கிள் தண்ணியில சார்!”

“சங்கிலி நிக்காம ஓடுனா என்ன செய்வ?”

“ஓடிருவேன் சார்!”

“எந்தப் பக்கம்?”

“பின்பக்கம் சார். சங்கிலிக்கு நேரா நிக்கவே மாட்டேன் சார்!”

“சங்கிலி போயிருமே?”

“போனாப் போவுது சார். கம்பெனி வேற வாங்கிக்கும்!”

அம்மா துணியைப் பிழிந்துகொண்டே, “வெளங்குன கப்பல்தான். செத்த நேரத்துல வாளியோட சேந்து கேப்டனும் கிணத்துல விழும்,” என்பாள். பக்கத்து வீட்டுச் சீதாம்மா அத்தை சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, தெலுங்கும் தமிழுமாக ஏதோ சொல்லிச் சிரிப்பார்.

சின்ன வயதில் நான் நங்கூரத்தைப் பாதாளக் கரண்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கச் சீதாம்மா அத்தை வீட்டில் இருக்குமே, வளையம் முழுக்கக் கொக்கிகள் தொங்கும் அந்த இரும்பு. நீங்கள் கொண்டுவந்த காலண்டரில் நங்கூரத்தைப் பார்த்துவிட்டு, “கப்பல்ல இருந்து கடல்ல என்ன விழுந்துச்சு, இதைப் போட்டு எடுக்கிறதுக்கு?” என்று கேட்டேன். நீங்கள் வெகுநேரம் சிரித்தீர்கள். “அது எடுக்கிறதுக்கு, இது கெடக்கிறதுக்கு,” என்றீர்கள். நங்கூரம் மட்டும் கப்பலைப் பிடிப்பதில்லை, அதோடு நீளமாகச் சங்கிலியும் தரையில் படுத்துக் கிடந்தால்தான் பிடிக்கும் என்றும் சொன்னீர்கள். பள்ளி நூலகத்துப் புத்தகத்தில் நங்கூரத்தின் படம் மட்டும்தான் இருக்கிறது. படுத்துக் கிடக்கும் சங்கிலியை யாரும் வரையவில்லை.

நீங்கள் இல்லை என்று கம்பெனியின் தந்தி வந்து நான்கு மாதம் கழித்து அந்தோணி மாமா வந்தார். உங்களோடு அதே கப்பலில் முன்தளத்தில் வேலை பார்த்தவர், தூத்துக்குடிக்காரர், நீங்கள் கடிதங்களில் ‘நம்ம அந்தோணி’ என்று எழுதுவீர்களே, அவர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது பால்கோவா வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான், துட்டி கேட்கப் போகிற துக்க வீட்டுக்கு இனிப்பு கொண்டுபோகலாமா என்று யோசித்திருக்கிறார். உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் அந்தப் பொட்டலத்தைக் காலுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். போகும்போது என் கையில் திணித்துவிட்டு, “அம்மைக்கிட்ட சொல்லாத பாப்பா,” என்றார்.

அவர்தான் அன்று நடந்ததைச் சொன்னார்.

“தண்ணி நல்ல ஆழம் மதினி. அந்த மாதிரி எடத்துல நங்கூரத்தை மோட்டார் வச்சி மெதுவா எறக்கி, தரைக்குப் பக்கத்துல போன பொறவுதான் விடணும். அன்னைக்கு மேல இருந்தே விடச் சொல்லி ஆர்டர். கப்பலும் நிக்கல, போய்க்கிட்டே இருக்கு. விட்டதும் சங்கிலி பிச்சிக்கிட்டு ஓடுது. அண்ணாச்சி பிரேக்கை எம்புட்டு இறுக்கியும் நிக்கல. நெருப்புப் பறக்கு. துருத் தூசி எழும்பி ஒரு மண்ணும் தெரியல. அண்ணாச்சிதான் ‘ஏலே, ஓடுலே’ன்னு என் சட்டையப் பிடிச்சி இழுத்துட்டு ஓடுனாவ.”

“ஓடுனாகளா?” என்றாள் அம்மா.

“ஓடுனாவ மதினி. ஏணி வரைக்கும் வந்துட்டோம். நான் எறங்குனேன். பின்னாடி வாராவன்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா, பிரேக் வீல்ல கை வச்சி நிக்காவ.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். சங்கிலியின் கடைசி முனை, அது அடைந்து கிடக்கும் அறையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. போகிற போக்கில் உங்களையும் கொண்டுபோய்விட்டது.

நான் அப்போது ஒரு கேள்வி கேட்டேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் கேட்கக்கூடாத கேள்வி. “பாதாளக் கரண்டி மாதிரி எதையாவது போட்டுத் தேடுனீங்களா மாமா?”

அவர் சிரிக்கவில்லை. “ரெண்டு போட் எறக்கித் தேடுனோம் பாப்பா. இருட்டுற வரைக்கும் தேடுனோம்,” என்றார்.

அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினாள். அன்றிலிருந்து அவள் உங்கள்மேல் கோபமாக இருக்கிறாள் அப்பா. சோறு வடிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் திடீரென்று சொல்வாள்: “ஏணி வரைக்கும் வந்தவிய. இன்னும் ரெண்டு எட்டு எறங்குனா வீடு வந்திருக்கலாம்.” யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாது. நான் பதில் சொன்னால் என்னைத் திட்டுவாள்.

பெரியப்பா உங்கள் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி மாட்டுவதற்கு ஸ்டூடியோவில் கொடுத்தார். சட்டம் போட்டுத் தயாராகிவிட்டது. அம்மா வாங்கி வர மாட்டேன் என்கிறாள். “வீட்டுக்கு வரணும்னு நெனைக்காதவரை எதுக்கு வீட்டுல மாட்டணும்? எதுக்குத் திரும்பிப் போனாகன்னு யாராவது சொல்லட்டும், மாட்டுறேன்.” பெரியப்பா போய்க் கேட்டபோது, தான் வந்தால்தான் தரவேண்டும் என்று அம்மா சொல்லிவைத்திருப்பதாக ஸ்டூடியோக்காரர் சொன்னாராம். உங்கள் முதல் வருஷ நினைவு நாளும் வந்துகொண்டிருந்தது.

நான் பள்ளிக்குப் போகும் வழியில்தான் ஸ்டூடியோ. கடைக்காரர் நல்லவர், ஆனால் என்ன பேசுவதென்று தெரியாதவர். “பாப்பா, அப்பா இங்கனயேதான் இருக்காரு. எப்பக் கூட்டிட்டுப் போகப்போறீக?” என்று கேட்பார். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒரு கல்யாண ஜோடிக்கும் முடியிறக்கிய குழந்தைக்கும் நடுவில் நீங்கள் சாய்ந்திருப்பீர்கள். நான் மறுபக்கமாக நடக்க ஆரம்பித்தேன். அப்படிப் போனால் தூரம் அதிகம்.

அதனால்தான் அப்பா, பதிலை எப்படியாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இருந்தேன். கப்பலுக்கு முன்னால் வேறு கப்பல் நின்றதோ, அதில் மோதிவிடும் என்று போனீர்களோ? அந்தோணி மாமாவுக்கு எழுதிக் கேட்டேன், இல்லை என்று எழுதினார். மேலே வேறு ஆள் யாராவது மாட்டிக்கொண்டிருந்தாரா? அதுவும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு நாம் போனபோது, சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட்டுவிட்டுத் துள்ளி விலகும் ஆட்களைக் காட்டி, “பாத்தியா, கட்டை நசுங்குதேன்னு ஒருத்தராவது கையை நீட்டுறாகளா? போட்டதும் வந்துரணும், அம்புட்டுதான்,” என்றீர்கள். நீங்களே சொன்னதை நீங்களே ஏன் கேட்கவில்லை? மற்றவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தீர்களே, உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்க அங்கே ஏன் யாரும் இல்லை?

போன மாதம் பள்ளி லீவு நாள் ஒன்றில் வாளி கயிறு அறுந்து கிணற்றில் விழுந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நான் சீதாம்மா அத்தை வீட்டுக்குப் போனேன். பாதாளக் கரண்டி வேண்டுமென்றால் அடையாளத்துக்கு ஒரு பித்தளைப் பாத்திரம் வைக்கவேண்டும், தெரியும்தானே, இல்லாவிட்டால் கரண்டி தெருவெல்லாம் சுற்றிவிட்டு வீடு திரும்பாது. நம் செம்பை வைத்துவிட்டு எடுத்து வந்தேன்.

நன்றாகத்தான் செய்தேன். கொக்கி வாளியில் மாட்டியது. இழுத்தேன். பாதிக்கு மேலே வந்திருக்கும். தண்ணீர் நிறைந்த வாளி, அதோடு அத்தனை இரும்பு. பாசியில் கால் வழுக்கிக் கயிறு கையை விட்டு ஓட ஆரம்பித்தது.

விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நான் பிடித்தேன் அப்பா. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். கயிறு நிற்கவில்லை. உள்ளங்கைத் தோலை எடுத்துக்கொண்டு ஓடியது. கயிற்றின் முனையும் உருளையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. வாளி, கரண்டி, கயிறு எல்லாம் போயின.

என் சத்தம் கேட்டு அத்தை ஓடி வந்தார். “அய்யோ, ஏமாயிந்தி!” என்று என் கையைப் பார்த்து அழுதார். அழுதுகொண்டே கிணற்றை எட்டிப் பார்த்தார். “இப்பக் கரண்டியை எடுக்க ஒரு கரண்டி வேணுமே. அடுத்த தெருவுக்குப் போயி இன்னொரு செம்பு வைக்கணும்,” என்றார். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் அம்மா வந்தாள். விளக்குக்குக் கீழே உட்கார வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, தான் வேலை பார்க்கும் இடத்துத் துணியைக் கிழித்துச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே திட்டினாள்.

“ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? ஓடுற கயித்தை எவளாவது பிடிப்பாளா? ஒரு வாளிக்கா இம்புட்டு? விட்டிருக்கலாம்ல?”

“விடணும்னு தெரியும்மா.”

“தெரிஞ்சிட்டுமா பிடிச்ச? எதுக்குப் பிடிச்ச?”

“தெரியலம்மா.”

“தெரியலைன்னா என்ன அர்த்தம்? யாருகிட்டக் கேக்கிறது? நீதானட்டி பிடிச்ச?”

“சத்தியமாத் தெரியலம்மா. பிடிச்சிட்டேன்.”

துணியைச் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவிய கையேதான் ஒனக்கு,” என்றாள். முடிச்சைப் போட்டாள். கொஞ்சம் இறுக்கமாகவே போட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு நேர் வழியில் ஸ்டூடியோவுக்கு நடந்தாள். கடைக்காரர் படத்தைத் தாளில் சுற்றப் போனார். “சுத்த வேண்டாம். அப்படியே குடுங்க,” என்று வாங்கி, உங்கள் முகம் தெருவைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆணியை அவளே அடித்தாள். “கோணலா இருக்கா பாரு,” என்றாள். நான் இரண்டு அடையாளம் வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் கதவு நிலை, மறுபக்கம் அலமாரியின் விளிம்பு. “கொஞ்சம் இடப்பக்கம்மா. இன்னும். நிறுத்து,” என்றேன். அம்மா கையை எடுத்தாள். படம் நின்றது. நினைவு நாளுக்குப் பெரியப்பா வாங்கி வந்த மாலையை அம்மாதான் போட்டாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள் அப்பா. என் கை ஏற்கெனவே கயிற்றில் இருந்தது. உங்கள் கையோ பிரேக்கை விட்டு, ஏணி வரைக்கும் வந்த கை. என் பதில் உங்களுக்குப் பாதிதான் பொருந்துகிறது. மீதிப் பாதி எங்கே இருக்கிறது? அது உங்களுக்காவது தெரியுமா? இல்லை, உங்களைக் கேட்டாலும் ‘தெரியல’ என்றுதான் சொல்வீர்களா?

அம்மா இப்போது ஏணியைப் பற்றிப் பேசுவதில்லை. நேற்று விளக்கேற்றும்போது உங்கள் படத்தைப் பார்த்து, “சட்டைக் காலர் மடங்கியிருக்கு, யாருமே சொல்லலையா?” என்று கேட்டாள். கோபம் இல்லாத குரல்தான்.

ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த முறை கயிறு ஓடினால் விட்டுவிடுவேன் என்று தரமாட்டேன். என் கையைப் பற்றி எனக்கு நிச்சயம் இல்லை. காலையிலும் மாலையிலும் கதவு நிலையையும் அலமாரி விளிம்பையும் பார்ப்பேன். நீங்கள் அங்கிருந்து நகராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வாக்கைத்தான் தருகிறேன்.

கட்டுப் பிரித்த கையால் எழுதியதால் எழுத்துக் கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
துவைகல் கப்பலின் கேப்டன்,
செல்வி