இருபத்தொரு டிகிரி

நவம்பர் 14, வியாழன்

பள்ளிச் சமையலறையில் காலை முழுக்க ஆவியில் வெந்துவிட்டு வந்தால், வீட்டில் விறைக்கிறது. கூடத்து விறகடுப்பு எரிகிறது. அதன் முன்னால் என் கணவன் ரைமோ, கம்பளித் தொப்பியோடு. படுக்கையறைக்குள் கால் வைக்க முடியவில்லை. வீட்டைச் சூடாக்கப் புது வெப்பப் பம்பு போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பழைய எண்ணெய்க் கொதிகலன் நாறும், இரையும், ஆனால் வீட்டைச் சூடாக வைத்திருந்தது. புதிது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் ரைமோதான்.

நவம்பர் 17, ஞாயிறு

பம்பின் திரையில் ‘வளைவு’ என்று ஒன்று இருக்கிறது. வெளியே குளிர் ஏற ஏற, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை எவ்வளவு சூடாக்குவது என்று தீர்மானிப்பது அதுதான். ரைமோ அதை ஐந்திலிருந்து எட்டுக்கு ஏற்றியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. நான் ஆறுக்கு இறக்கினேன். நானும் சொல்லவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

விடியும்போது வியர்த்து எழுந்தேன். நேற்று மாலை நடுங்கியதும் இதே அறையில்தான். திரையில் சிவப்பாக மின்னல் குறி. துணைக்கு இருக்கும் மின்சூடாக்கி ஓடுகிறது என்று அர்த்தம். கடுங்குளிருக்கு மட்டும் வரவேண்டியது அது. வெளியே மைனஸ் நான்குதான். பூமிக்குள்ளிருந்து சூடு வருகிறது என்றுதானே இதை வாங்கினோம்?

“திருப்பியும் ஏத்தினியா?” என்று காபியின்போது கேட்டேன்.

“குளிருது, ஹில்க்கா.”

“எனக்கு வேர்த்துக் கொட்டுது.”

“உனக்கு வேர்க்கும். சமையக்காரி உடம்பு.”

முன்பெல்லாம் இப்படி ஏதாவது சொன்னால் கூடவே சிரிப்பான். இன்று கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

நவம்பர் 23, சனி

பேசவில்லை. இருவருமே.

நவம்பர் 28, வியாழன்

ஓலு நகரத்திலிருந்து மகள் கைசா போனில் கூப்பிட்டாள். “அம்மா, அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் ஒத்துக்கல. இத்தனை வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், அமுக்குறதுக்கு பட்டன் ஏதாவது வேணும்ல? பம்பை அமுக்குறாரு.” இருவரும் சிரித்தோம். வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏரி உறைந்துவிட்டது, பனியைத் துளைத்து மீன் பிடிக்கும் கருவியை இந்த வருஷம் அவன் எடுக்கவே இல்லை. கேட்டால், நாளைக்கு. குரல் கரகரக்கிறது. சளியாம். காலைச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறான். என் மேல் கோபம், வேறென்ன. இருக்கட்டும், எனக்கும் இருக்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

பழுதுபார்க்க யார்மோ என்பவர் வந்தார். ஷூவைக் கழற்றியவர் பம்பிடம் போகாமல் கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அறை சென்சாரை அடுப்புக்குப் பக்கத்துல யாரு மாட்டினது?”

“பம்பு போட வந்தவங்கதான்.”

“நல்ல வேலை. அடுப்பு எரிஞ்சா வீடே சூடாயிருச்சுன்னு இது சொல்லும். பம்பு காலை நீட்டிப் படுத்துரும். மத்த ரூமெல்லாம் ஆறிப்போகும். அடுப்பு அணைஞ்சதும் அலறியடிச்சு எந்திரிச்சு, மின்சூடாக்கியையும் கூட இழுத்துக்கும்.”

போதாததற்கு, தூங்கும் நேரத்தில் சூடு குறையும்படி ரைமோவும் வைத்திருந்திருக்கிறான். கொதிகலன் காலத்துப் பழக்கம். இறக்கி இறக்கி ஏற்றுவதைவிட, ஒரே சீராக மெல்ல ஓடினால்தான் பம்புக்குச் செலவு குறைவாம். அதை எடுத்துவிட்டார். ரேடியேட்டர் வால்வுகளையெல்லாம் முழுசாகத் திறந்தார். அறை சென்சாரைத் துண்டித்துவிட்டு, வெளிச்சுவரில் இருப்பதை மட்டும் பம்பு கேட்கும்படி செய்தார். வளைவு மறுபடியும் ஐந்து.

“இனிமே ரெண்டு பேரும் கை வெக்காதீங்க. ஒண்ணை மாத்தினா ரெண்டு நாளாவது பொறுக்கணும். கல்யாணம் மாதிரி. தினம் திருகிட்டே இருந்தா ஓடாது.”

“உங்களுக்கு ஆயிருச்சா?”

“ரெண்டு தடவை.”

நான் சிரித்தேன். ரைமோ நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 6, வெள்ளி

சுதந்திர தினம். எல்லா வருஷமும்போல ஜன்னலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினேன். வெப்பமானியை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு போனேன். கூடம், படுக்கையறை, கைசாவின் பழைய அறை, எல்லா இடத்திலும் இருபத்தொன்று. வெளியே மைனஸ் பதினைந்து, ஆனாலும் மின்னல் குறி வரவில்லை. பம்பு தனக்குள் முனகிக்கொண்டு ஓடுகிறது. கையில்லாத சட்டையோடு மேசைக்கு வந்தேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

ரைமோ இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தான். “குளிருது” என்றான்.

அவ்வளவுதான். எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. “பாரு. எல்லா ரூம்லயும் இருபத்தொண்ணு. இன்னும் என்ன வேணும் உனக்கு? என்னை வேக வெச்சுத் திங்கணுமா?”

வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒவ்வொரு வார்த்தையையும் மூட்டை மாதிரித் தூக்கி வைத்துப் பேசினான். “அது சரியாத்தான் இருக்கும். அப்ப நான்தான் சரியில்ல போல.”

இந்தா நீயே பார் என்று அவன் கையில் திணிக்கப் போனேன். அந்தக் கை — ஏரியிலிருந்து எடுத்த மீன் மாதிரி. தோல் வறண்டு கிடந்தது. முகம் உப்பியிருந்தது. எப்போதிலிருந்து? தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேனே, என் கண் எங்கே போயிருந்தது? வீட்டுச் சூடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தவரை எல்லாப் பழியும் பம்பின் மேல். இப்போது வீடு சரியாகிவிட்டது. இவன் மட்டும் குளிரிலேயே இருக்கிறான்.

டிசம்பர் 9, திங்கள்

சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். எப்போதிலிருந்து குளிர் என்று நர்ஸ் கேட்டாள். “இந்த இலையுதிர் காலத்துலேர்ந்து” என்றேன்.

“இல்ல. போன குளிர்காலத்துலேர்ந்து” என்றான் ரைமோ.

காருக்குள் வந்ததும் கேட்டேன். “ஏன்டா சொல்லல?”

“கொதிகலன் பழசாயிருச்சுன்னு நினைச்சேன். அதான் புதுசு போடலாம்னேன்.”

வண்டியைக் கிளப்பி, உள்ளே சூட்டை முழுசாகக் கூட்டினேன்.

டிசம்பர் 12, வியாழன்

டாக்டர் அம்மாள் போனில் கூப்பிட்டார். தைராய்டு சுரப்பி ஏறக்குறைய வேலையை நிறுத்திவிட்டதாம். குளிர், தூக்கம், குரல், முகம் எல்லாம் அதனால்தான். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. அளவை மெதுவாகத்தான் ஏற்றுவார்களாம். சில வாரம் பொறுத்து மறுபடியும் ரத்தம் பார்ப்பார்களாம். கோபம் என்று நினைத்தேனே. கோபப்படக்கூட அவனிடம் தெம்பு இருந்திருக்காது.

டிசம்பர் 24, செவ்வாய்

கிறிஸ்துமஸ் பன்றித்தொடை வெந்தது, கைசா வந்தாள், ரைமோ தட்டின் முன்னாலேயே தூங்கினான். பாத்திரம் கழுவி முடித்து நானும்.

ஜனவரி 15, புதன்

பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அளவைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள். சமையலறை, பனி தள்ளுவது, கடை, மறுபடியும் பனி. எல்லாம் நான்தான். இந்தச் சோர்வு தொற்றுகிற வியாதியா? இரண்டு நாளாக நன்றாக மென்று சாப்பிடுகிறான் என்று தோன்றுகிறது. ஆசையில் தோன்றுவதாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பனி தள்ளிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. ரைமோ, கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் படியில் நின்றான்.

“அங்க குவிக்காத. கராஜ் கதவு எப்படித் திறக்கும்?”

“திறக்கும்.”

“எந்த ஊர்ல? எத்தனை வருஷமா சொல்றேன், காதுல ஏறுதா உனக்கு?”

“ஏறலைன்னா என்ன? நீ இறங்கி வந்து தள்ளேன்.”

நன்றாகச் சண்டை போட்டோம். எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைகிற அளவுக்கு. கரகரப்பே இல்லாத முழுக்குரலில் கத்தினான். இறங்கி வந்து என் கையிலிருந்த பனி தள்ளும் பலகையைப் பிடுங்கிக்கொண்டான்.

உள்ளே வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே பலகை தரையை உரசும் சத்தம். நடுநடுவே அவன் தனக்குத்தானே என்னைத் திட்டிக்கொள்ளும் சத்தம். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன்.