ஒரு முழ டியூப்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். பாப்பா நலம். நீங்கள் போன நாளிலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் உங்கள் லேத் பட்டறை நண்பரின் முகவரிக்கு எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போட்டுவிடாமல் முழுக்கப் படியுங்கள்.

டிரைவர் அண்ணன் நேற்றுக் காலை இறந்துவிட்டார். முகமும் இரண்டு கைகளும் வெந்துபோன மனிதர் பதினொரு நாள் தாங்கியதே பெரிது என்று நர்ஸ் சொன்னாள். பிணவறை வாசலில் அவர் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரரு கை சுத்தமான ஆளாச்சே, எப்படிம்மா இப்படி ஆச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

பத்திரிகையில் எரிந்துபோன அந்தப் பழங்காலக் காருக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தார்கள். எத்தனை வருடத்து வண்டி, எந்தத் தோலில் சீட், உலகத்தில் இன்னும் எத்தனை மிச்சம், எல்லாம் இருந்தது. கடைசி வரி, 'ஓட்டுநர் காயமடைந்தார்'. விருந்தாளியைப் பின் சீட்டிலிருந்து இழுத்து வெளியே விட்டுவிட்டு பானெட்டைத் திறக்கப் போனவருக்கு இரண்டே சொல். பெயர்கூடப் போடவில்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை நாம் வேலை பார்க்கும் பட்டறைக்கு வந்துவிட்டார். முதலாளி அவரிடம், "பெட்ரோல் டியூப் கிளிப்ப ஒழுங்கா முறுக்காம விட்டுட்டான் சார், தப்பு தெரிஞ்சதும் ஓடிட்டான்" என்று சொன்னார். நான் ஸ்டோர் ஜன்னலுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "கொஞ்ச நாள் கண்ணுல படாம இருப்பா, நான் பாத்துக்கறேன்" என்று உங்களை பஸ் ஏற்றிவிட்டதும் அதே வாய்தான்.

நீங்களும் கிளிப்தான் காரணம் என்று நம்புகிறீர்கள். கிளம்பும் முன் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, வெறும் விரலால் காற்றில் திருகிக்கொண்டே, "மூணு சுத்து முறுக்கினேனா, நாலா?" என்று உங்களையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் கதவருகே நின்று பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

கிளிப் சரியாகத்தான் இருந்தது. டியூப்தான் தப்பு. அதைக் கொடுத்தது நான்.

அந்தச் சாயங்காலம் உங்களுக்கு மறந்திருக்காது. வேறு மாடலுக்கான பெட்ரோல் பம்பை வாங்கி வந்திருந்தார் முதலாளி. எஞ்சினில் போல்ட் போட்டதும் உட்கார்ந்துவிட்டது. டாங்கியிலிருந்து வரும் பைப்பும் சேர்ந்துவிட்டது. கார்புரேட்டருக்குப் போகிற பைப்தான் சேரவில்லை. பம்பின் வாய் பெரிது, பழைய பைப்பின் நட்டு சிறிது. புதிதாக இரும்புப் பைப் வளைத்து, முனை விரித்து, அளவான நட்டு கடைந்து போட இரண்டு நாள் வேண்டும் என்றீர்கள். மறுநாள் தொழிற்சாலைத் திறப்பு விழாவுக்கு விருந்தாளியை ஏற்றிக்கொண்டு வண்டி போயாக வேண்டும். "என்னப்பா இது, பொண்ணு பாக்கப் போறியா, மூக்கும் முழியும் பொருந்தலைன்னு? ரப்பர் டியூப்ப மாட்டி அனுப்பு" என்றார் முதலாளி. நல்ல பெட்ரோல் டியூப் என்றால் ஒரு நாளைக்குத் தாங்கும் என்று அரை மனதாகச் சம்மதித்தீர்கள்.

ஸ்டோரில் பெட்ரோல் டியூப் தீர்ந்துபோயிருந்தது. கண்ணாடி கழுவும் தண்ணீருக்குப் போடுகிற டியூப் ஒரு சுருள் இருந்தது. அதே கறுப்பு, அதே துளை. "அதையே வெட்டிக் குடும்மா, அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிக்காத" என்று முதலாளி என் காதருகே சொன்னார். தண்ணீருக்கு மட்டும் என்று அந்தச் சுருளில் முழத்துக்கு ஒரு தடவை வெள்ளை எழுத்து இருக்கும். எழுத்து இல்லாத இடமாகப் பார்த்து வெட்டினேன். யாரும் என் கையைப் பிடித்து வெட்ட வைக்கவில்லை. நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள், பெட்ரோல் டியூப்தானே என்று. இரண்டு தடவையும் ஆமாம் என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் வாயைக் கொடுத்து இழந்த வேலைகள் மூன்று. இதுவும் போனால் பாப்பாவை மறுபடி பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும் என்று பயந்தேன். ஒரு நாள்தானே, மறுநாளே கழற்றிவிடுவீர்களே என்று நினைத்தேன். தண்ணீர் டியூப் பெட்ரோலில் ஊறினால் உப்பி, குழைந்து, கழன்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். ஏழு வருடம் ஸ்டோரில் நிற்கிறவளுக்குத் தெரியாதா? எஞ்சின் ஓடுகிற வரை பம்பு பெட்ரோலைச் சூடான எஞ்சின் மேல் தள்ளிக்கொண்டேதான் இருக்கும் என்பதும் தெரியும்.

டியூப்பைப் பற்றியும் கேள்வி வரும் என்று பயந்திருக்க வேண்டும், இன்று காலை முதலாளி ஒரு தாளோடு வந்தார். ஸ்டோரில் கேட்காமல் நீங்களே டியூப்பை எடுத்துக்கொண்டு போனதாக எழுதியிருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரும்மா. அவன் ஆம்பள, ரெண்டு வருஷம் உள்ள இருந்துட்டு வந்துடுவான்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை வாங்கி வைத்திருக்கிறேன். மிச்சச் சுருளை எரிக்கச் சொன்னார். எரிக்கவில்லை. பாப்பாவின் பழைய துணி மூட்டைக்குள் இருக்கிறது.

நாளை பத்து மணிக்கு அந்தத் தாளையும் சுருளையும் எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போகிறேன். வெட்டச் சொன்னது யார் என்பதையும் சொல்வேன், வெட்டியது யார் என்பதையும் சொல்வேன். முதலாளிக்கு வக்கீல் வருவார், அவர் நழுவிவிடக்கூடும். போவதற்கு முன் டிரைவர் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். ஸ்டேஷனை விட அந்த வாசல்தான் பயமாக இருக்கிறது.

பாப்பாவை என் அண்ணி வீட்டில் விட்டிருக்கிறேன். இரண்டு நாளாக அவளுக்கு முன்பல் ஆடுகிறது. விழுந்தால் வாயே பொக்கையாகிவிடும் என்று அழுகிறாள். வேறு முளைக்கும் என்று அண்ணி சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். நீங்கள் சொன்னால் நம்புவாள். என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இருக்கட்டும். பல் விழுவதற்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா