உன் மானிட்டர் அணைந்த காலை

இன்று நான் பாடம் எடுக்கும் கல்லூரியின் ஆய்வகத்திலிருந்து பழைய மானிட்டர்களை அகற்றினார்கள். பின்புறம் புடைத்த, கனத்த பெட்டிகள். கடைசியாக ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சூடேறும் தூசியின் வாடை. நினைவில் நீ வந்துவிட்டாய்.

குளச்சலில், ஒரு மாடியில் இருந்த டிடிபி சென்டர். இரண்டே கம்ப்யூட்டர்கள். எம்.எஸ்சி. முதல் வருட விடுமுறைக்கு மட்டும் வந்தவள் நான். உனக்கு அதுதான் வேலை. கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கான அழைப்பு அட்டைகள் குவிந்திருந்த மாதம். உப்புக்காற்றுக்குப் பயந்து மாலையில் மானிட்டர்களுக்குத் துணி உறை போடுவோம். பகலில் நீ உன் பக்கத்துச் சன்னலைத் திறந்து வைப்பாய். உனக்கு மூச்சுமுட்டல். முதலாளியின் செருப்புச் சத்தம் படியில் கேட்டால் மூடுவாய்.

“கண்ணு எரியுதுட்டி. எழுத்தெல்லாம் கெடந்து துடிக்கி” என்றாய் ஒருநாள்.

திரை நொடிக்கு எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்ற எண்ணைக் கூட்டினால் துடிப்பு நிற்கும். எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் காட்டிய பட்டியலில் பெரிய எண் இல்லை. இந்த மானிட்டரால் காட்ட முடியாதவற்றை மறைப்பதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதிலிருந்த டிக்கை எடுத்தேன். நூறு கிடைத்தது. அழுத்தினேன்.

கீச்சென்று ஓர் ஒலி. படம் மடங்கிச் சுருங்கி இருண்டது. சில நொடிகளில் தானாகவே பழையபடி வந்தது.

“பெட்டிக்கு வலிப்பு வந்துட்டுட்டி!” நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

மறுநாள் காலை அது எரியவில்லை. உன் மானிட்டரை என் கம்ப்யூட்டரில் செருகினேன். இருட்டு. என்னுடையதை உன்னுடையதில். வெளிச்சம். கெட்டது மானிட்டர்தான்.

மெல்லக் கேட்டாய். “ஏட்டி, நேத்து நீ மாத்துனதுனால இரிக்குமா? புரோகிராம் போயி பெட்டியக் கெடுக்குமா?”

“கெடுக்காது. அது வெறும் நம்பருல்லா.”

“அப்பம் செரி.” நீ சன்னலைப் பார்த்தாய்.

மெக்கானிக் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே பச்சைக் களிம்பு. “உப்பு ஏறியிருக்கு அண்ணாச்சி. ஆனா இதாலதான் போச்சுன்னு சொல்ல முடியாது.”

இரண்டாவது வாக்கியம் முதலாளியின் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

“சன்னல ஆரு தொறந்தது?”

“நாந்தான் அண்ணாச்சி.”

“காத்து வேணும்னா கரையில போயி இரி. நாளைக்கி வராண்டாம்.”

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. படியிறங்கும்போது நீதான் என்னைத் தேற்றினாய். “அழாத மக்கா. என் தப்புல்லா.”

கேரளத்தில் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனாய். நாளெல்லாம் ஐஸும் ஈரமும். ஊருக்கு வரும்போதெல்லாம் இருமல்.

சில மாதங்கள் கழித்து நூலகத்தில் படித்தேன். தாங்காத வேகத்தில் ஓட்டினால் அந்தப் பெட்டிகளுக்குள் சில பாகங்கள் பழுதாகலாம். புதியவற்றில் பெரும்பாலும் பாதுகாப்பு உண்டு. பழையவற்றில் இல்லை. உன்னுடையது பழையது. உப்பாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அடுத்த விடுமுறையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தேன். மூன்று விடுமுறைகள் வந்து போயின.

அந்த மூச்சுமுட்டலிலேயே நீ போய்விட்டாய். உன் அடக்கம் முடிந்த மறுவாரம் உன் வீட்டுக்கு வந்தேன். சொல்லிவிடத்தான் வந்தேன். உன் அம்மா சாயா தந்தார். “ஒனக்குத் தெரியாதது ஒண்ணுமில்லன்னு சொல்லுவா மக்ளே. நீ சொன்னா அவளுக்கு வேதம்.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது வகுப்பில் யாராவது கேட்டு, எனக்கு உறுதியாகத் தெரியாவிட்டால், “தெரியாது” என்கிறேன். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். அன்று அந்த ஒரு சொல்லை உனக்குத் தந்திருந்தால், உன் சன்னலா என் நம்பரா என்று இருவரும் சேர்ந்து சந்தேகப்பட்டிருப்போம்.

எனக்குச் சந்தேகமாவது மிஞ்சியது. நீ உன் தப்பென்றே முழுக்க நம்பிக்கொண்டு போனாய்.