முதல் குடம்

சிட்டு, சௌக்கியமா என்று எழுதத்தான் கை போகிறது. அம்மா நன்றாக இருக்கிறேன். இதைச் சித்தி ஞாயிற்றுக்கிழமை உன் கல்லறையில் வாசித்துக் காட்டுவாள்.

உன்னை ஊரில் அடக்கம் பண்ணிவிட்டு மயிலாப்பூருக்கு வேலைக்குத் திரும்பி மூன்று மாதமாகிறது. இங்கே கரண்டுக்குத் தட்டுப்பாடு. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை விளக்கைக் குறைக்கச் சொல்கிறார்கள். வீட்டுக்கார அல்போன்ஸ் ஐயா குடித்தனக்காரர்களுக்கு ஒரு போட்டி வைத்தார். ஒரு மாதம் அந்த நேரத்தில் யார் விளக்கு குறைவாக எரிகிறதோ, அவர்கள் மறுமாதம் முழுக்க பொதுக் குழாயில் முதல் ஆளாகத் தண்ணீர் பிடிக்கலாம்.

ஜெயித்தது நான்தானாம். பக்கத்து அறை கிளாடிஸ், "இன்னாக்கா, சுவிட்சையே தொடலியாமே! இருட்டுல குந்திக்கினு இன்னாதான் பண்ணுவே?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். நான் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை, சிட்டு. அது இந்த அறையில் நீ படிக்கிற நேரம். நீ இல்லாமல் விளக்குப் போடத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை முதல் குடம் பிடிக்கும்போது கிளாடிஸ் பின்னாலேயே வந்தாள். "அடுத்த மாசம் நாங்கதான் ஜெயிக்கணும்க்கா. எங்கூட்டு மூத்தது சாயங்காலம் உன் ரூம்ல வந்து படிக்கட்டும். வெளக்கு உன் கணக்குல எரியட்டும்" என்றாள். கெட்டிக்காரி.

மெழுகுவர்த்தி காற்றில் அணையாமல் சித்தி மறைப்பு வைக்கட்டும். ஊரில் கிடக்கிற உன் பழைய சட்டை ஒன்றை எனக்கு அனுப்பட்டும், துவைக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. கிளாடிஸ் பதிலுக்குக் காத்திருக்கிறாள். அந்தப் பிள்ளையை உன் இடத்தில் உட்கார வைக்கட்டுமா, கண்ணு?