நாற்பது கிலோவுக்குள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று காரின் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். அப்பாவும் வெல்டர் மாமாவும் செயின் பிளாக்கில் மாட்டித் தூக்கினார்கள். ஆறு சிலிண்டர், அதன் தலையில் வேகம் கூட்டும் சூப்பர்சார்ஜர் வேறு. பாரம் இறங்கியதும் காரின் மூக்கு தானாக மேலே எழும்பியது. பட்டாணி கைதட்டினாள். என் தங்கை, எட்டு வயது, எதற்கும் கைதட்டுவாள்.

அந்த எஞ்சினுக்கு வேகம் உண்டு. ஆனால் முன்பக்கம் கனமாக இருப்பதால் மலை வளைவுகளில் கார் திரும்ப மறுக்கிறதாம். மூன்று வருடமாக மலையேற்றப் பந்தயத்தில் அப்பாவுக்கு இரண்டாமிடம்தான். இனி நாலு சிலிண்டர், சின்னது.

"எஞ்சின்ல தொண்ணூறு கிலோ எறக்கியாச்சு. அடுத்து பக்கத்து சீட்டு மூட்டைய எறக்கணும்" என்றார் அப்பா.

பக்கத்து சீட்டு அம்மாவுடையது. பதினோரு வருடமாக அவள்தான் நோட்டைப் பார்த்து, வரப்போகும் வளைவைச் சொல்கிறாள். வெல்டர் மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். பிறகு டீ கிளாஸ்களைக் கழுவப் போனவள் வெகுநேரம் குழாயை மூடவில்லை.

மார்ச் 5, வியாழன்

கார் நிற்கும் கொட்டகையில் இருக்கும் தராசில் அப்பா என்னை ஏறச் சொன்னார். முப்பத்தெட்டு. இனி பக்கத்து சீட்டில் அம்மாவுக்குப் பதில் நானாம்.

"வயசு கேட்டா என்னண்ணே சொல்லுவீங்க?" என்றார் வெல்டர் மாமா.

"எவன் கேக்கறான். ஹெல்மெட்ட மாட்டிட்டா எல்லாம் ஒரே தலைதான்."

தராசிலிருந்து இறங்கிவிட்டேன். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டுமோ?

மார்ச் 8, ஞாயிறு

அம்மா நோட்டை என் மடியில் போட்டாள். ஒன்று என்றால் ஒடித்துத் திருப்பும் வளைவு, ஆறு என்றால் கிட்டத்தட்ட நேர்ப்பாதை. இடது மூணு, வலது ரெண்டு. நூற்றுப் பதினேழு வளைவுகள். சொல்லிக்கொடுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான் இருந்துச்சு. யாராவது கேட்டாங்களா?"

மார்ச் 14, சனி

புது எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. சத்தம் மெலிசு. நாளைக்கு அப்பா ஓட்டிப் பார்க்கப் போகிறார். என்னோடு.

மார்ச் 15, ஞாயிறு

பழைய கார் திரும்ப மறுத்தது. இது சொல்வதற்கு முன்பே திரும்புகிறது. நாற்பதாவது வளைவில் முன்பக்கம் சட்டென்று உள்ளே போனது, வால் வெளியே வீசியது. நின்றபோது என் பக்கத்துப் பின்சக்கரம் சாலையில் இல்லை. ஜன்னலுக்குக் கீழே மரங்களின் உச்சி தெரிந்தது. கற்கள் விழுகிற சத்தம் நின்றபாடில்லை.

'வலது ரெண்டு' என்று சொல்ல வேண்டியது நான். வாய் திறந்துதான் இருந்தது, குரல் வரவில்லை.

"ஊமைக்கோட்டான். நாக்கு என்ன வாடகைக்கா விட்டிருக்க?"

அப்பா அறையவில்லை. ஹெல்மெட்டோடு தலையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, "நல்லாப் பாரு" என்றார். நூறு எண்ணும்வரை பார்க்க வைத்தார். எண்ணியதும் நான்தான், சத்தமாக.

வீட்டுக்கு வந்ததும் சீட்டைக் கழுவச் சொன்னார். வெல்டர் மாமா பார்த்துக்கொண்டிருக்க, கழுவினேன். என்ன வாடை என்று பட்டாணி கேட்டாள்.

மார்ச் 16, திங்கள்

தினமும் சாயங்காலம் தராசு. பள்ளிக்கூட உடையோடு. "நாப்பதத் தாண்டினா நீ எனக்கு வேண்டாம்" என்றார். மிரட்டலாகத்தான் சொன்னார். எனக்குக் கதவு திறந்த மாதிரி இருந்தது.

மார்ச் 19, வியாழன்

சக்கரம் ஆடாமல் இருக்க ஒட்டுவார்களே, அந்த ஈயப் பட்டைகள் கொட்டகையில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. தினமும் நாலைந்து எடுத்துப் பாவாடையின் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைக்கிறேன். தராசில் ஏறுவதற்கு முன்னால் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிடுகிறேன்.

39.1.

மார்ச் 20, வெள்ளி

39.4. நடக்கும்போது பாவாடை காலில் இடிக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

பாவாடையைத் துவைக்கப் போடாமல் ஒளித்துவைத்திருந்தேன். மாலையில் பார்த்தால் கொடியில் காய்கிறது. எடுத்துத் தடவினேன். பட்டைகள் உள்ளேயே இருக்கின்றன. என் கோணல் தையலைப் பிரித்துவிட்டு யாரோ இரட்டை நூலில் நெருக்கமாகத் தைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. அம்மாவின் தையல்.

சாப்பிடும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும்.

அம்மா என் பக்கம்.

மார்ச் 26, வியாழன்

40.6.

அப்பா தராசைத் தட்டிப் பார்த்தார். இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். 40.6. "அப்படியே ஆத்தாள உரிச்சு வெச்சிருக்கு" என்றார். அம்மா வாசலில் கை துடைத்தபடி நின்றாள். அவள் முகத்தில் இத்தனை நாள் இல்லாத ஒரு வெளிச்சம்.

பிறகு அவர் திரும்பி, "பட்டாணி, இங்க வாடி" என்றார்.

ஓடி வந்தாள். இருபத்திநாலு. கைதட்டினாள்.

மார்ச் 27, வெள்ளி

அம்மாவிடம் கேட்டேன். "தெரிஞ்சுதானே தச்சு விட்ட?"

"நீ எறங்கினா என்னையத்தான் ஏத்துவாருன்னு நெனச்சேன்" என்றாள். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

மார்ச் 28, சனி

பந்தயம் நாளை.

பிளேடால் மடிப்பைப் பிரித்து எல்லாப் பட்டைகளையும் எடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு. கொட்டகை வரைக்கும் போனேன். இதைக் காட்டி, 'நான் முப்பத்தெட்டுதான்ப்பா' என்று ஒரு வரி சொன்னால் போதும். அப்பா உள்ளே விசிலடித்துக்கொண்டு சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவில் பட்டைகளைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பட்டாணி நூற்றுப் பதினேழையும் பாட்டு மாதிரி சொல்கிறாள். என்னைவிட நன்றாக. நாற்பதாவது எது என்று கேட்டேன். "வலது ரெண்டு" என்றாள். பயமா என்று கேட்டேன். "நீ ஏன் குண்டான?" என்றாள்.

ஹெல்மெட் அவளுக்குப் பெரிது, தலையில் சுற்றுகிறது. உள்ளே துணி வைக்கச் சொன்னார் அப்பா. என் சாக்ஸ் இரண்டு ஜோடியைச் சுருட்டி, காதுக்கு ஒன்றாக வைத்துக் கொடுத்தேன். இப்போது ஆடவில்லை.