ஐந்தாவது சொல்

ஆஸ்லோ

அன்புள்ள புனிதாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எழுதுகிறேன். பயப்படாமல் படி.

முதியோருக்கான ஞாபகச் சோதனையைத் தமிழில் தயாரித்திருக்கிறோம். செவ்வாயன்று, யாழ்ப்பாணத்து நர்ஸ் ஜெசிந்தா பழகிக்கொள்வதற்காக அதை என்னிடமே நடத்தினாள். ஐந்து சொற்களைக் கேட்டு, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான்கைச் சரியாகச் சொன்னேன். ஐந்தாவதாக மல்லாட்டை என்றேன். பிழை என்று குறித்தாள்.

“எங்க திண்டிவனத்துல வேர்க்கடலைக்கு அதாம்மா பேரு,” என்று சண்டை பிடித்தேன்.

“கச்சானோ? அதெண்டாலும் பிழைதான் சேர். இதில குடை எண்டெல்லோ கிடக்கு,” என்று சிரித்தாள்.

நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பட்டியலை எழுதியவனே நான்தான்.

என் அப்பாவுக்கு மறதி எந்த வயதில் தொடங்கியது? பதினொரு நாட்டு முதியவர்களைப் பற்றி எழுதிய எனக்கு அது தெரியவில்லை. உன் கொழுந்தன் செல்வகுமாருக்குத் தெரியும். கடைசிவரை விழுப்புரத்தில் வைத்துப் பார்த்தவன் அவன்தான். “ஊரான் வூட்டுக் கெழவனுங்களப் பாத்துக்கினு கெடக்கான்” என்று காரியத்தன்று அத்தனை பேர் முன்னால் என்னைப் பேசினானே, அதை நான் மன்னிக்கவில்லை. ஆறு வருடமாகப் பேச்சில்லை. இருந்தாலும் நீ போய்க் கேள். எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு.

நம் பிள்ளைகளின் படம் அனுப்பும்போது பின்னால் பெயர்களை எழுதிவிடு.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. செல்வகுமாரிடம் நான் கேட்டதாகச் சொல்லாதே. சொல்ல மறுத்தானென்றால், நான்தான் கேட்டேன் என்று சொல்லிவிடு.

கதிர்வேல்