வாலுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது

மார்ச் 3, திங்கள்
இன்றும் ஒன்பது மணி நேரம் நின்றபடியே. நின்றபடியே என்பதும் தப்பு, பாதி நேரம் முட்டி போட்டபடி. பதினாலு வருடமாக ஊரார் காலை அளந்து ஷூ மாட்டிவிடுகிறேன். வீட்டுக்கு வந்தால் ஷூ, செருப்பு என்று ஒரு வார்த்தை காதில் விழக் கூடாது என்று மகளுக்குச் சட்டம் போட்டு ஒரு வருடம் ஆகிறது. சட்டத்தை மதிக்கிறாள். கூடவே மற்ற வார்த்தைகளையும் நிறுத்திவிட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்
அக்கா போன் செய்தாள். "அவ எங்க வீட்டுலயே இருந்து படிக்கட்டுமேடி. அவளே கேட்டா." அவளே கேட்டாளாம்! என்னிடம் இல்லை, பெரியம்மாவிடம். சாப்பிடும்போது கேட்டேன். "நீ வீட்டுக்குத் தூங்கத்தானேம்மா வர்ற" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவர் இறந்த பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இவளும் போய்விட்டால்? எழுதவே வெட்கமாக இருக்கிறது: ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அப்பாடா என்று இருந்தது. சீ.

அடுத்த வாரம் பதில் சொல்கிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்
சனிக்கிழமை அவளுடைய இளையோர் குழு மலையேறுகிறது. பெற்றோர் முறைவைத்துத் துணைக்குப் போக வேண்டும். நான் இரண்டு தடவை டிமிக்கி கொடுத்தாயிற்று. இந்தத் தடவையும் வராவிட்டால் அவளுக்கும் இடமில்லை என்று குழுவை நடத்தும் விசில் சார் சொல்லிவிட்டார். விசில் சார் வார நாட்களில் பல் டாக்டர். அங்கே எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்கிறார், இங்கே மூடச் சொல்லி விசில் ஊதுகிறார். கடையில் லீவு கேட்டேன். முதலாளி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தார்.

மார்ச் 8, சனி
கால் இரண்டும் வாளி வெந்நீரில். மடியில் நோட்டு.

காலையிலேயே அடிவாரத்தில் பத்தொன்பது பிள்ளைகள். "நீங்கதாம்மா வாலு" என்றார் விசில் சார். "கடைசியா வரணும். உங்களுக்குப் பின்னாடி யாரும் வரக் கூடாது. அவ்வளவுதான் வேலை." பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சின்ன வயதில் அவளை நான் வாலு என்றுதான் கூப்பிடுவேன், ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். இன்று முதல் ஆளாகப் போய் வளைவில் மறைந்துவிட்டாள். என் பக்கத்தில் வராமல் இருக்கத்தான். தெரியாதா எனக்கு?

வாலுக்குத் தெரிவதெல்லாம் குதிகால்தான். வேண்டாம் என்றாலும் கண் அங்கேயே போகிறது. இவன் வலது பக்கம் தேய்க்கிறான், இவளுக்கு அகலம் போதாது. ஏதோ நீலப் பறவை என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தபோது நான் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே போனாலும் கடைதான்.

உச்சியில் சாப்பிட்டுவிட்டு இறங்கும்போது அவள் நடுவில் இருந்தாள். பிறகு இன்னும் பின்னால். கடைசியில் எனக்கு நேர் முன்னால். பேசத்தான் வருகிறாள் என்று மனசு குதித்தது. என்ன பேசலாம் என்று வாக்கியம்கூடத் தயார் செய்தேன். அப்போதுதான் பார்த்தேன் — ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு நடக்கிறாள். சாக்ஸில் ரத்தம்.

ஒரு பாறையில் உட்கார வைத்துக் கழற்றினேன். இரண்டு சைஸ் சின்னது.

"எத்தனை நாளாடி?"

"போன பெரிய லீவுலேர்ந்து."

"ஏன்டி சொல்லல?"

"ஷூ பத்திப் பேசக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன."

ஐயோ. ஊரில் உள்ள காலுக்கெல்லாம் பார்த்தவுடனே சைஸ் சொல்லுவேன். என் பிள்ளை காலை நான் பார்த்து எத்தனை நாள்? அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். "யாராவது பாக்கப் போறாங்கம்மா" என்றாள், தானும் அழுதுகொண்டே.

புண்ணுக்குத் துணி சுற்றி, என் ஷூவைக் கழற்றி மாட்டிவிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. எப்போது என் அளவுக்கு வளர்ந்தாள்? அவளுடையதை நான் கால் நுனியில் மாட்டிக்கொண்டேன். அவளை முன்னால் போகச் சொன்னேன். "நீ போம்மா, எங்கயாவது விழுந்து வைப்ப. நான் வாலா வரேன்" என்றாள்.

கீழே விசில் சார் கத்தினார். "வாலுக்குப் பின்னாடி யாரும்மா அது?"

"என் பொண்ணு சார்" என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு
தூங்கினேன். அவளும் தூங்கினாள்.

மார்ச் 10, திங்கள்
பள்ளி விட்டதும் கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் மாதிரியே முக்காலியில் உட்கார்ந்தாள், நான் முட்டி போட்டேன். அளந்துகொண்டிருக்கும்போது கேட்டாள், "பெரியம்மாகிட்ட என்ன சொல்லப் போற?" நிமிரத் தைரியம் வரவில்லை. "நீ போகக் கூடாதுன்னு எனக்கு ஆசை. ஆனா முடிவு உன்னோடது" என்றேன். நாலு ஜோடி எடுத்துக் காட்டினேன், எதுவும் பிடிக்கவில்லை. "உன்னோடது கடிக்கவே இல்லம்மா. அதே மாதிரி குடு" என்றாள்.

மார்ச் 13, வியாழன்
அக்கா போன். "வரலன்னு சொல்லிட்டாளேடி. அப்படி என்ன செஞ்ச?" ஷூ கழற்றிக் கொடுத்தேன் என்றால் நம்புவாளா?

மார்ச் 27, வியாழன்
சரக்கு வரும் நாள், ஏழு மணிக்கே கடை. இடுப்பு விட்டுப்போயிற்று. பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. முதலாளி முறைத்துக்கொண்டே நீட்டினார்.

"அம்மா! என் ஷூவப் போட்டுட்டுப் போயிட்ட!"

குனிந்து பார்த்தேன். ஆமாம். "எல்லாம் ஒரே சைஸ்தானேடி, என்னோடதப் போட்டுட்டுப் போ."

"உன்னோடது பழசு!" திட்டிவிட்டு வைத்தாள்.

நாள் முழுக்க அவளுடைய ஷூவிலேயே நின்றேன். கடிக்கவில்லை.